முற்றமும் கான்கிரீட் தூணும்

பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனம் லண்டனில் 1834-இல் தொடங்கப்பட்டது. எத்தெல் சார்ல்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1898-இல் அதில் உறுப்பினராகும்வரை அங்கே ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். ஆசியாவிலிருந்து ஒரு பெண் அதன் இணை உறுப்பினராக இன்னும் 50 ஆண்டு பிடித்தது. 1948-இல் அந்த இடத்தைப் பெற்றவர் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா. அப்போது அவருக்கு வயது 30. அடுத்த ஆண்டே ஊர் திரும்பித் தன் பெயரில் தொழில் தொடங்கினார். 40 வயதுக்குள் அவர் கட்டியவையும் எழுதியவையும் இலங்கையின் நவீனக் கட்டடக்கலைக்குத் திசை காட்டின. அந்தத் திசையில் பின்னர் நடந்தவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். முதலில் நடந்தவர் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பில்தான் இருந்தது.

மினெட் பிறந்தது 1918 பிப்ரவரி 1. தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா, கண்டியில் பெயர்பெற்ற வழக்கறிஞர், சிங்கள பௌத்தர், இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராகவும் 1940-களில் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். தாய் அக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்துக் கிறித்தவப் பெண். இரு வேறு இனம், இரு வேறு மதம் என்பதால் அந்தத் திருமணமே அந்தக் காலக் கண்டிக்குப் பெரிய செய்தி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தின் செயலாளராக இருந்த அக்னஸ், இலங்கையின் அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரித்த டொனமூர் ஆணைக்குழு முன் 1928-இல் சாட்சியம் அளித்தார். 1931-இல் இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. மினெட்டின் அக்கா அனில், பின்னாளில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முதல் பொதுச் செயலாளர். கலை வரலாற்றாசிரியராகவும் பெயர் பெற்றார். அரசியல்வாதிகளும் ஓவியர்களும் வந்து போகும் வீடு அது. பெண் பிள்ளை தொழில் கற்கக் கூடாது என்று சொல்லும் வீடு அல்ல.

ஆனாலும் கட்டடக்கலை என்றதும் வீட்டிலேயே தயக்கம் இருந்தது. இலங்கையில் அதைக் கற்பிக்கும் பள்ளியும் அப்போது கிடையாது. கண்டி இராச்சியக் காலத்து மாளிகைகளையும் விகாரைகளையும் கட்டிய தச்சர், கல்தச்சர், அரக்கு வேலைக்காரர் ஆகியோரின் வழிமுறை காலனி ஆட்சியில் ஆதரவு இழந்து ஊர்ப்புறங்களில் ஒதுங்கியிருந்தது. அரசுக் கட்டடங்களைப் பொதுப்பணித் துறை கட்டியது. செல்வர் வீடுகள் ஆங்கிலேய வில்லாக்களைப் பார்த்து எழும்பின. தன் தீவின் பழைய கைவினைகள் எவ்வளவு நுட்பமானவை என்பதை இலங்கைப் படிப்பாளி வர்க்கம் அறிந்துகொண்டதே பெரும்பாலும் ஆனந்த குமாரசுவாமி வழியாகத்தான். தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர், கண்டிப் பகுதிக் கைவினைஞர்களிடையே அலைந்து திரட்டியவற்றை 1908-இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூலாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அழிந்துபோகும் முன் எழுதி வைத்த குறிப்பேடு போன்ற நூல் அது. டி சில்வா குடும்பத்துக்கு அவரோடு அறிமுகம் இருந்தது. நூலில் பதிவாகியிருந்ததை மீண்டும் செங்கல்லோடும் சுண்ணாம்போடும் சேர்த்த வேலை மினெட்டினுடையது.

படிக்க அவர் போனது பம்பாய்க்கு. மிஸ்திரி, பேத்வார் ஆகியோரின் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர் என்று சொல்லப்படும் பெரின் மிஸ்திரி அங்கே தோழியானார். தனி வகுப்புகளில் படித்துத் தேறிய பிறகு சர் ஜே. ஜே. கலைப் பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவில் இடம் கிடைத்தது. 1942-இல் காந்தியும் மற்ற தலைவர்களும் சிறைப்பட்டபோது, காந்தியை விடுவிக்கக் கோரி நடந்த ஊர்வலத்தில் மினெட்டும் நடந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதினால் படிப்பைத் தொடரலாம் என்றது நிர்வாகம். அவர் எழுதவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள்.

பட்டம் இல்லாமல் நின்றவருக்கு வேலை கொடுத்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞர். பெங்களூரில் இருந்தபடி டாட்டாக்களின் ஜாம்ஷெட்பூர் எஃகு நகரத் திட்டத்துக்கும் அவர் வரைந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடுகளுக்கான வேலையில் மினெட் ஈடுபட்டார். வெப்ப நாட்டுக் கட்டடம் காற்றையும் வெயிலையும் கணக்கிட்டு வரையப்பட வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் ஒரு பாடத்துறையாகவே வளர்த்தவர் கோனிக்ஸ்பெர்கர். பள்ளி மூடிய கதவுக்கு வெளியே கிடைத்த இந்தப் பாடம், பள்ளிக்குள் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைந்ததல்ல.

இலங்கைக்கான புதிய அரசியலமைப்பை ஆராய 1945-இல் அங்கே வந்திருந்த சோல்பரி ஆணைக்குழுவின் தலைவர் ஹெர்வால்ட் ராம்ஸ்பொத்தத்தை மினெட் சந்திக்க நேர்ந்தது. போரிலிருந்து திரும்பும் மாணவர்களுக்கென்று லண்டனில் நடக்கவிருந்த சிறப்புத் தேர்வை அவரும் எழுத அந்தச் சந்திப்பு வழி திறந்தது. லண்டனின் புகழ்பெற்ற கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் படித்து, 1948-இல் அரச நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். அப்பாவின் செல்வாக்கு இல்லாத ஒரு கண்டிப் பெண்ணுக்கு இப்படி ஒரு சந்திப்பு வாய்த்திருக்குமா என்று கேட்கலாம். வாய்த்திருக்காது. கிடைத்த வாய்ப்பை அவர் என்ன செய்தார் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

மாணவியாக இருக்கும்போதே தொழிலின் பெரிய அரங்குகளில் அவர் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. 1946-இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு ‘மார்க்’ இதழ் தொடங்கியது. நவீனக் கட்டடக்கலை ஆய்வுக் குழு என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் மார்க். வடமொழியில் வழி என்றும் பொருள்படும். அதைத் தொடங்கிய குழுவில் மினெட்டும் ஒருவர். அக்கா அனில் துணை ஆசிரியர். விடுதலைக்குக் காத்திருந்த நாடு தன் வீடுகளையும் ஊர்களையும் எப்படிக் கட்டிக்கொள்ளப் போகிறது என்பது இதழின் முதல் கேள்வி. அந்தக் குழுவின் சார்பில் மினெட் 1947-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் கூடிய நவீனக் கட்டடக்கலைக்கான பன்னாட்டு மாநாட்டுக்குப் பேராளராகப் போனார். சுவிட்சர்லாந்தில் 1928-இல் உருவான அந்த அமைப்பு, லெ கொர்புசியே, வால்டர் குரோப்பியஸ் போன்றோர் கூடி உலகின் நகரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிய இடம். போருக்குப் பின் அது முதன்முறையாகக் கூடிய கூட்டம் இது. கோட்டு சூட்டுகளுக்கு நடுவே சேலையில் நிற்கும் மினெட்டை அக்காலப் படங்களில் உடனே அடையாளம் காணலாம். லெ கொர்புசியேவோடு தொடங்கிய நட்பு, அவர் 1965-இல் இறக்கும்வரை கடிதங்களில் தொடர்ந்தது. இந்த நட்பைச் சுற்றி நாவலே எழுதப்பட்டிருக்கிறது. மினெட்டைப் பற்றிய பேச்சு பலமுறை அந்த நட்போடு நின்றுவிடுவது அவருக்கு நேர்ந்த அநியாயங்களில் ஒன்று. கொர்புசியேவிடமிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை எடுக்கவில்லை என்பதைக் கண்டியின் மலைச்சரிவில் பார்க்கலாம்.

1949-இல் தந்தை அழைத்தார்: நாடு விடுதலை அடைந்துவிட்டது, இனி இங்கே வந்து ஏதாவது செய். மினெட் திரும்பி வந்தார். கொழும்பில் இருந்த கட்டடக்கலை நிறுவனங்கள் வெள்ளைக்காரர்கள் தொடங்கியவை. அவற்றில் ஒன்றில் சேராமல், கண்டியில் பெற்றோர் வீடான ‘செயின்ட் ஜார்ஜஸ்’இலேயே மேசை போட்டார். அலுவலகத்துக்கு நவீனக் கட்டடக்கலைக் கூடம் என்று பெயர் வைத்தார். முதல் வாடிக்கையாளர் குடும்ப நண்பர்களான கருணாரத்ன தம்பதியர்.

1951-இல் முடிந்த கருணாரத்ன இல்லம், ஒரு பெண் வரைந்து இலங்கையில் எழுந்த முதல் கட்டடம். மனை சரிவானது. வழக்கமாக அப்படிப்பட்ட மனையில் முதலில் நடப்பது மண்ணை வெட்டிச் சமன் செய்வது, பிறகு வீடு. மினெட் மலையை அப்படியே விட்டார். சரிவோடு சேர்ந்து வீடும் தளம் மாறி இறங்கியது: ஒரு பகுதி மேலே, அரை மாடி கீழே இன்னொரு பகுதி. இப்படிப் பிளவுத் தளங்களாக வீடு கட்டுவது அந்த ஊருக்குப் புதிது. சரிந்து விழுந்துவிடாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கான்கிரீட், கண்ணாடிச் செங்கல் போன்ற புதுப் பொருள்களோடு உள்ளூர்க் கல்லும் மரமும் ஓடும் சேர்ந்தன. கண்டி நடனக்காரர் உருவம் பதித்த சுடுமண் வில்லைகள் உள்ளூரில் சுடப்பட்டன. கூடத்துச் சுவரில் ஜார்ஜ் கீட் ஓவியம் தீட்டினார். கண்டியில் பிறந்து இலங்கை நவீன ஓவியத்தின் முதல் வரிசையில் நின்றவர் அவர்.

அரக்கு வேலையும் பாய் நெசவும் மினெட்டின் வீடுகளில் இடம்பெற்ற விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. மாத்தளைப் பக்கத்துக் கைவினைஞர்கள் மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்கைச் சூட்டால் இளக்கி வரிவரியாகப் படியவைப்பார்கள். கைத்தடி, ஈட்டிக்காம்பு, பெட்டி என்று செய்துவந்தவர்களிடம் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பங்களைச் செய்யச் சொன்னார் மினெட். தும்பரப் பள்ளத்தாக்கில் நாரை நிறமேற்றி நெய்யும் பாய்கள் பெயர்பெற்றவை; சதுரமும் அம்பும் பறவையும் விலங்குமாக உருவங்கள் அவற்றில் வரும். அந்தப் பாய் கதவுப் பலகையின் நடுவே பொருத்தப்பட்டது. சுவரில் மாட்டி வைத்து அழகு பார்க்கும் நினைவுப் பொருளாகக் கைவினையை வைக்காமல், தினமும் கை படும் இடத்தில் அதை வைத்தார். கைவினைஞருக்குத் தொடர்ந்து வேலை வந்தால்தான் கைவினை பிழைக்கும் என்பது அவர் கணக்கு. வாடிக்கையாளர் வீடு கட்டும் ஒவ்வொரு முறையும் சில கிராமத்துத் தொழிலாளிகளுக்குப் புதிய வகையில் வேலை பிறக்க வேண்டும். கட்டடக்கலைஞர் என்பவர் வரைபடம் கொடுத்துவிட்டு ஒதுங்குபவர் அல்லர் என்ற இந்தப் பார்வைதான் தொழிலில் அவர் காட்டிய தலைமை.

சிங்கள வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்துக்கு ‘மிதுல’ என்று பெயர். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் செட்டிநாட்டு வீட்டிலும் வானம் பார்த்துக் கிடக்கும் அதே முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறும். சுற்றியுள்ள அறைகளுக்குப் புதுக்காற்று இழுபடும். மழை உள்ளே பெய்தாலும் தாழ்வாரத்தில் நிற்பவர் நனையமாட்டார். மினெட் இதை மனைக்கு ஏற்றபடி மாற்றினார். நகரத்து மனை சிறியது. அதில் நான்கு பக்கமும் அறை சூழ்ந்த பெரிய முற்றத்துக்கு இடமில்லை. அதனால் வீட்டுக்குள்ளும் ஓரத்திலும் சிறு முற்றங்களைப் பொருத்தி, தோட்டம் எங்கே முடிகிறது, கூடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்தார். கூடமும் சாப்பாட்டு அறையும் தாழ்வாரமும் இடையில் சுவரில்லாமல் ஒன்றோடொன்று திறந்துகொள்ளும். பிரித் ஓதுவது, பிக்குகளுக்குத் தானம் கொடுப்பது, கல்யாணம், சாவு என்று இலங்கை வீட்டில் நூறு பேர் கூடும் நாள்கள் உண்டு. மற்ற நாள்களில் ஐந்து பேர். இந்த இரண்டு நிலைக்கும் இடம் கொடுக்கும் வீடு ஐரோப்பியப் பாடநூல்களில் இல்லை.

இதையெல்லாம் அவர் செய்ததோடு விடாமல் எழுதியும் வைத்தார். கண்டியில் கட்டிய வீட்டை விளக்கும் அவருடைய கட்டுரை 1953-இல் மார்க் இதழில் வந்தது. நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று அவர் இதற்குப் பெயரிட்டார். வாதம் எளிமையானது. மரபை அப்படியே நகலெடுத்தால் இன்றைய வாழ்க்கை அதற்குள் அடங்காது. மேற்கை நகலெடுத்தால் இன்றைய வெயிலும் மழையும் ஒத்துக்கொள்ளா. அதனால் ஊரின் காற்று, பொருள், பழக்கம் ஆகியவற்றிலிருந்து தொடங்கி நவீன நுட்பத்தைக் கையாள வேண்டும். மேற்குலகில் அலெக்சாண்டர் சோனிஸும் லியான் லெஃபேவ்ரும் 1981-இலும், கென்னத் ஃபிராம்ப்டன் 1983-இலும் விமரிசன வட்டாரவாதம் என்ற பெயரில் ஏறக்குறைய இதே திசையில் எழுதியபோது அது உலகெங்கும் கட்டடக்கலை வகுப்புகளில் பாடமானது. கண்டியில் எழுதப்பட்டது அதற்கு சுமார் முப்பது ஆண்டு முந்தியது.

கொழும்பில் கொள்ளுப்பிட்டியின் அல்ஃப்ரட் ஹவுஸ் தோட்டத்தில் 1950-களில் கட்டிய பீரிஸ் இல்லத்தில் கொர்புசியேவின் கை தெரிகிறது. வீட்டைத் தரையிலிருந்து தூக்கித் தூண்கள்மேல் நிறுத்துவது அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. பாரிஸ் அருகே அவர் கட்டிய வில்லா சவோயில் தூண்கள் வீட்டை ஈரப் புல்வெளியிலிருந்து தூக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே கார் திரும்பும். மினெட்டின் கையில் அதே தூண் வேறு வேலை செய்தது. கொழும்பின் சிறு மனையில் வீட்டை மேலே தூக்கியதும் கீழே நிழலான திறந்த தளம் கிடைத்தது. காற்று தடையில்லாமல் ஓடியது. தோட்டம் வீட்டுக்கு அடியிலும் தொடர்ந்தது. பழைய வீட்டில் திண்ணையும் தாழ்வாரமும் செய்ததை இங்கே கான்கிரீட் தூண்கள் செய்தன. கொர்புசியேவின் வெண்மையான தட்டைக் கூரையையும் அலங்காரம் வேண்டாம் என்ற கண்டிப்பையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கிரகரீஸ் வீதியில் 1957-இல் முடிந்த சேனாநாயக்க மாடிக்குடியிருப்பு, நகரத்துக்கு இன்னும் பழக்கமாகாத அடுக்கு வீட்டு வாழ்க்கைக்கும் இதே எண்ணங்களைக் கொண்டுபோனது.

ஆனால் அவர் பணிகளில் மிகப் பெரியதும், இன்றைக்கும் படிக்க வேண்டியதும் கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரசு ஊழியர்களுக்காக 1955 முதல் 1958 வரை உருவான வீட்டுத் திட்டம். சுமார் 250 வீடுகள். அரசு வீட்டுத் திட்டம் என்றால் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள் என்பது அன்றும் இன்றும் எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். மினெட் வரைவதற்கு முன்னால் கேள்வித்தாள் தயாரித்தார். குடும்பத்தில் எத்தனை பேர், சமையல் எப்படி, விறகு அடுப்பா, விருந்தாளி எங்கே உட்காருவார், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா, எவ்வளவு செலவு தாங்கும் என்ற வகையில் வரப்போகும் குடியிருப்பாளர்களின் வாழ்க்கையைக் கேட்டு அறிந்தார். கூட்டம் போட்டுப் பேசினார். வந்த பதில்களிலிருந்து சில மாதிரி வீடுகளை வரைந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்கும் மனைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் விட்டார். சரிவும் மரங்களும் அப்படியே இருந்தன. சாலைகள் மலையின் வளைவைப் பின்பற்றின.

இந்த முறைக்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று பெயர் இருக்கிறது. பயிற்சிப் பட்டறைகளும் உண்டு. 1950-களின் நடுவில் அப்படி ஒரு சொல் கட்டடக்கலையில் வழக்கில் இல்லை. குடியிருப்பாளர்களில் சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாரும் இருந்தார்கள். எழுத்தரும் உயர் அலுவலரும் இருந்தார்கள். சமையலும் வழிபாடும் வீட்டுக்கு வீடு வேறு. எல்லாரையும் ஒரே வரைபடத்தில் அடைக்காமலும், தனித்தனி மூலைகளில் பிரிக்காமலும் ஒரே குன்றில் குடியேற்றியது சிறிய காரியமில்லை. திட்டம் நடந்துகொண்டிருந்த 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. அது முடிந்த 1958-இல் நாட்டில் தமிழருக்கு எதிரான பெருங்கலவரம் நடந்தது. அந்த ஆண்டுகளில் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பு இப்படி எழுந்தது என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்காமல் கடக்க முடியாது.

1958-இல் அவருக்கு 40 வயது. உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க்கு இளைஞர் அந்தச் சமயத்தில் மினெட்டோடு வேலை செய்வதற்காகவே இலங்கைக்கு வந்தார். கண்டியில் சில காலம் இருந்துவிட்டுக் கொழும்பில் ஜெஃப்ரி பாவாவோடு சேர்ந்துகொண்டார். பாவா மினெட்டைவிட ஒரு வயது இளையவர். வழக்கறிஞராக இருந்து, லண்டனில் கட்டடக்கலை படித்து 1957-இல்தான் தகுதி பெற்றார். 1960-களில் பாவாவும் பிளெஸ்னரும் கொழும்பில் கட்டிய முற்றம் வைத்த வீடுகள் வெப்பமண்டல நவீனத்துவம் என்ற பெயரோடு உலக இதழ்களுக்குப் போயின. பாவாவின் மேதைமையில் ஐயமில்லை. அவர் வெறுமனே மினெட்டைப் பின்பற்றியவர் என்று சொல்வதும் சரியாகாது. ஆனால் நவீன இலங்கை வீட்டுக்குள் முற்றத்தையும் ஓட்டையும் கைவினையையும் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்குக் காலவரிசை ஒரு பதிலைத்தான் தருகிறது.

பாவாவுக்குப் பின்னால் நிலைபெற்ற ஒரு நிறுவனம், கணக்குப் பார்க்க ஆள், கட்டுமானத்தைக் கவனிக்கக் கூட்டாளிகள் இருந்தார்கள். மினெட் தனி ஆள். தலைநகரிலிருந்து தள்ளி, மலையூரில். பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் ஒரு பெண்ணின் கணக்கை நம்பத் தயங்கினார்கள் என்றும், பெண் என்பதாலேயே தன் வேலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அவரே பின்னாளில் எழுதினார். அவர் எளிதில் விட்டுக்கொடுக்கிறவரும் அல்லர். 1960-களில் பணிகள் குறைந்தன. பயணங்களும் உடல்நலக் குறைவும் இடையில் வந்தன. வரைந்து கட்டப்படாமல் போனவை பல.

1973-இல் லண்டனுக்குப் போனபின் அவர் செய்த ஒரு காரியம் கட்டடத்துக்கு ஈடானது. பானிஸ்டர் ஃபிளெட்சரின் கட்டடக்கலை வரலாறு ஆங்கிலம் படித்த ஒவ்வொரு கட்டடக்கலை மாணவரின் மேசையிலும் இருந்த நூல். அதன் 1901-ஆம் ஆண்டுப் பதிப்பு உலகக் கட்டடக்கலையை இரண்டாகப் பிரித்தது: ஐரோப்பியப் பாணிகள் வரலாறு உடையவை, இந்திய, சீன, ஜப்பானிய, இஸ்லாமியப் பாணிகள் வரலாறு அற்றவை. நூலில் இருந்த புகழ்பெற்ற மரப் படத்தில் ஆசியப் பாணிகள் வளராத கிளைகளாக ஓரத்தில் நின்றன. 1975-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பில் தெற்காசியக் கட்டடக்கலைப் பகுதியை எழுதும் பணி மினெட்டிடம் வந்தது. வரலாறு இல்லை என்று ஒதுக்கப்பட்ட நாடுகளில் ஒன்றின் மகள் அதே நூலில் அந்த வரலாற்றை எழுதினார். 1975 முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். ஆசிய மாணவர்களுக்கு ஆசியாவையே முதல் பாடமாக வைத்த வகுப்பு அது.

கண்டிக்குத் திரும்பியபின் அவர் கட்டியவற்றில் குறிப்பிடத்தக்கது, தலதா மாளிகைக்கு அருகே எழுந்த கண்டிக் கலைச் சங்க நூற்றாண்டுப் பண்பாட்டு நிலையம். சங்கம் 1882-இல் தொடங்கியது. கட்டடம் 1984-இல் முடிந்தது. இங்கும் மனை சரிவுதான். கூரைகள் படிப்படியாக இறங்க, நடுவே நடனம் பார்க்கத் திறந்தவெளி அரங்கு. கைவினைஞர் கண்முன்னே வேலை செய்து விற்க இடம் உண்டு. கருணாரத்ன இல்லத்தில் ஒரு குடும்பத்துக்காகச் செய்ததை முப்பது ஆண்டு கழித்து ஊருக்காகச் செய்தது போன்ற கட்டடம்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் 1996-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 78. பாவாவுக்கு அது 1982-லேயே கிடைத்திருந்தது. மினெட் கட்டியவற்றில் பல அதற்குள் இடிக்கப்பட்டிருந்தன, அல்லது அடையாளம் தெரியாமல் மாற்றப்பட்டிருந்தன. அலுவலகமாகவும் இருந்த செயின்ட் ஜார்ஜஸ் வீடும் பாழடைந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022-இல் தெற்காசியாவின் விடுதலைக்குப் பிந்தைய கட்டடக்கலை பற்றி நடத்திய பெரிய கண்காட்சியில் அவருக்கு இடம் கிடைத்தது; ஆய்வாளர்கள் அவர் கடிதங்களையும் வரைபடங்களையும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு முதல் சான்று மினெட்டே விட்டுச்சென்ற நூல். ‘ஓர் ஆசியப் பெண் கட்டடக்கலைஞரின் வாழ்வும் பணியும்’ என்ற அந்த ஆங்கிலத் தன்வரலாறு 1998-இல் கொழும்பில் அச்சாயிற்று. கடிதம், ஒளிப்படம், வரைபடம், பத்திரிகைத் துணுக்கு எல்லாம் ஒட்டுப்படம்போலக் கலந்து கிடக்கும் புத்தகம். ஒழுங்காக முதலிலிருந்து படிக்க முயல்கிறவரைக் கொஞ்சம் திணறடிக்கும். அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று கண்டியில் மினெட் காலமானார். நூலின் தலைப்புப் பக்கத்தில் முதல் தொகுதி என்று இருக்கிறது. இரண்டாவது தொகுதி வரவில்லை.